நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு குதிரை

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
இந்த நாட்டில் எல்லார் மடியிலும் ஒரு புத்தகம் விழும்.
எனக்கு விழுந்தது மைத்துனன் எழுதிய நாவல்.
பின்னட்டையில் வட்டமாய் ஒரு ஒட்டுச்சீட்டு:
பிடிக்காவிட்டால் ஜனவரி பத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம்.
விசுவாசத்தோடு அதைக் கிழிக்கத்தான் போனேன்,
நகம் நழுவியது.

நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
இசாஃபியோர்துருக்கு மேலே ஒரு மலை, ஒரு சாலை,
விடிகாலை நாலு மணிக்கு நான் மட்டும்.
காற்று ஓயக் காத்திருக்கும் நேரத்தில் வாசிப்பேன்.
சில நாள் ஆறு பக்கம். சில நாள் அரை.
ரேடியோ கூப்பிட்டால்
வாக்கியம் முடியும் இடத்தில் சீட்டு வைத்து மூடுவேன்.

இதில் வாக்கியம் முடியவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரே மூச்சு.
எழுவாய் ஒரு கிழட்டு மாலுமி.
முதல் பக்கத்தில் நாற்காலியை விட்டு எழுந்தவன்
பயனிலையைத் தேடிக்கொண்டு
சமையலறை, சவ அடக்கம், மீன்விலை,
செத்துப்போன தாயின் முழங்கால்வலி,
மறுபடி சமையலறை என்று
காற்புள்ளிமேல் கால் வைத்துத் தாண்டிப் போகிறான்.
மூன்று நாள் அவன் பின்னாலேயே போனேன்.

நாலாம் நாள் ரேடியோ கூப்பிட்டது.
கீழ் வளைவில் ஒரு கார் புதைந்திருக்கிறது,
உள்ளே இரண்டு செவிலியர், பெட்ரோல் கால் தொட்டி.
இழுத்துவிட்டுத் திரும்பி வந்து பிரித்தால்
எங்கே விட்டேன் என்று தெரியவில்லை.
விடுவதற்கு இடம் இருந்தால்தானே.
திரும்பவும் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு குதிரை ஆற்றில் இறங்கியது.
வயிறு நனைய, காதுகள் பின்னால் மடிய,
தண்ணீரை நம்பாமல், ஆனாலும் இறங்கியது.
நல்ல வரி. சொல்லத்தான் வேண்டும்.
அடுத்த காற்புள்ளியில் மறுபடியும் மீன்விலை.
மூடிவிட்டேன்.

சனிக்கிழமை, ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில்
கழுத்தளவு நீரில் ஆஸ்கெய்ர் உட்கார்ந்திருந்தான்.
புருவத்தில் உறைபனி.
"குளிர்" என்றான்.
"ஆமாம்."
"சாலை?"
"மூடியாச்சு."
"நாளைக்கு?"
"பார்க்கலாம்."
வாயில் இத்தனை முற்றுப்புள்ளி வைத்திருப்பவன்
காகிதத்தில் ஒன்றைக்கூடச் செலவழிக்கவில்லை.
"புத்தகம்?" என்றான், ஆவியைப் பார்த்தபடி.
"போய்க்கொண்டே இருக்கிறது" என்றேன்.
பொய்யில்லை. அது போய்க்கொண்டுதான் இருந்தது.
நின்றுபோனவன் நான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.
நான் மூடியதால் அது இன்னும் நீருக்குள் நிற்கிறது.
ஜனவரி மாதத்து ஆறு.
"என்ன?" என்றாள் ஸ்டெய்ன்வோர்.
"குதிரை."
"எந்தக் குதிரை?"
"உன் தம்பியுடையது."
"அவன் குதிரையைத் தொட்டதே இல்லையே" என்று சொல்லி
போர்வையை முழுக்கத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மலை உச்சியில் வண்டியை நிறுத்தி
டீசல் கணக்கு எழுதும் பென்சிலை எடுத்தேன்.
ஒரே ஒரு புள்ளி. எங்கே வைப்பது?
"இறங்கியது" என்ற சொல்லுக்குப் பின் வைத்தால்
காலத்துக்கும் நடு ஆற்றிலேயே நிற்கும்.
அதற்கு முன்னால் வைத்தால் அந்த நல்ல வரி இல்லாமல் போகும்.
மாலுமியை விட்டேன், மீனை விட்டேன்,
குளம்புத் தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு
மூன்று பக்கம் தேடினேன்.
நாற்பத்துநாலில், ஒரு கடன் சண்டைக்கு நடுவே,
யாரும் கவனிக்காத நேரத்தில் அது கரையேறி
பிடரியைச் சிலுப்பியிருந்தது.
அங்கே வைத்தேன். பென்சில் முனை ஒடிந்தது.

ஒன்பதாம் தேதி கடைக்குப் போனேன்.
கல்லாவில் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டி
"எழுதியிருக்கிறீர்களே" என்றாள்.
"ஒரு புள்ளிதான்."
"பரவாயில்லை, அழித்துவிடலாம்" என்று
ரப்பரைத் தேடி இழுப்பறையைத் திறந்தாள்.
அவள் குனிந்த நேரத்தில்
புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"முடிச்சாச்சா?" என்று கேட்டாள் ஸ்டெய்ன்வோர்
காலணிப் பனியை நான் தட்டும்போது.
முடித்தேன் என்றேன்.